சல்லி அம்மாவும் என் நெஞ்சுக் கமராவும்

எங்கள் சிறைச்சாலைக்குக் கமரா வந்தபோது நான் முதலில் செய்த வேலை, புதுச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்ததுதான். அழகு காட்டவென்று நினைக்காதீர்கள். பழைய காக்கிச் சட்டையின் பையில் அதைக் கொளுவியதும் பை தையல் விட்டுத் தொங்கிப்போனது. படம் பிடிக்கிற சாமான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால் என்ன பிரயோசனம்? முதல் நாள் முழுக்க என் சப்பாத்துத்தான் பதிவாகியிருந்தது.

நான் கிண்ணியாக்காரி. திருகோணமலை டவுனில், வழக்கு முடியும்வரை ஆட்களை அடைத்து வைக்கிற விளக்கமறியல் சிறையில் பல வருடமாகக் காவலர் வேலை. உள்ளே இருப்பவர்கள் எல்லாம் ஆண்கள். ஆனால் அவர்களைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்: அம்மாமார், பெண்சாதிமார், அக்கா தங்கச்சிமார். அவர்களைச் சோதிப்பதற்கும் அவர்கள் கொண்டு வருகிற சாப்பாட்டைச் சோதிப்பதற்கும் ஒரு பெண் வேண்டும். அந்தப் பெண் நான். கேற்றுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கட்டுக் கரண்டி. என் ராச்சியம் அவ்வளவுதான்.

கமரா ஏன் வந்தது என்றால், உள்ளே ஒருவன் "காவலர் எனக்கு அடிச்சவர்" என்பான். காவலர் "அவன்தான் என்னைத் தள்ளினவன்" என்பார். இரண்டு பேரும் பெற்ற தாய் மேல் சத்தியம் பண்ணுவார்கள். இந்தச் சத்தியங்களைக் கேட்டுக் கேட்டு மேலிடத்துக்குக் காது புளித்துப்போயிற்று. பரீட்சித்துப் பார்க்கவென்று கொஞ்சக் கமராவை அனுப்பினார்கள். அதில் ஒன்று என் நெஞ்சில் ஏறியது.

வீட்டில் வந்து சொன்னால் என் மனிதருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஒன்ட வாய்க்கு ஒரு சாட்சி வேணுமெண்டு நான் எத்தின வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கன். அல்லாஹ் அனுப்பிட்டான்" என்றார்.

"வீட்டுக்கும் ஒண்டு கேட்டு வாங்கிட்டு வாறன். நீங்க சோத்துக் கோப்பையக் கழுவாமப் போறதையும் பிடிக்கட்டும்" என்றேன். அதோடு ஆள் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போனார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். மறைக்கவில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் இடித்துத் தள்ளினால் கத்துவேன். பார்சலுக்குள் சுருட்டை ஒளித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் பேசுகிற பேச்சு துறைமுகம் வரைக்கும் கேட்கும். கமரா வந்ததும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், இனி இவள் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்று. ஆனால் மாறிப்போனது நான் இல்லை. என்னோடு வேலை செய்கிற உப்புவெளிக்காரன் ஒருவன் இருந்தான். நெட்டையான ஆள். வாசலில் நான் சோதித்த சாப்பாட்டை உள்ளே கொண்டுபோவதும், உள்ளே இருப்பவர்களைப் பேர் சொல்லிப் பார்வையாளரிடம் கூட்டி வருவதும் அவன் வேலை. நாங்கள் அவனை உப்புவெளியார் என்றே கூப்பிடுவோம். வாயைத் திறந்தால் "டேய்" இல்லாமல் ஒரு வசனம் வராது. கமரா மாட்டிய அன்றைக்கு ஆள் செய்தி வாசிக்கிறவர் மாதிரி, "தயவுசெய்து அனைவரும் அமைதியாக அமர்ந்திருங்கள்" என்றான். உள்ளே ஒருவன் பயந்து பயந்து கேட்டானாம், "ஐயா, உங்களுக்கு உடம்புக்கு ஏலாதோ?" என்று.

அந்த நெட்டையனின் கமராவில் எப்பவும் மனிதர்களின் உச்சந்தலைதான் விழும். நான் கட்டை. என்னுடையதில் சோற்றுப் பார்சல்களும், குனிந்து அவற்றை அவிழ்க்கிறவர்களின் முகங்களும் விழும். எங்கள் சிறையில் பதிவான முதலாவது குற்றச் சம்பவமும் என் கமராவில்தான் இருக்கிறது. டவுனில் மான்கள் தெரு நாய் மாதிரித் திரியும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் பையிலிருந்து ஒரு கொம்பன் மான் வாழைப்பழச் சீப்பைக் கடித்து இழுத்தது. அவள் கத்த, நான் கரண்டியோடு துரத்த, அது பழத்தோடு கச்சேரி அலுவலகப் பக்கம் ஓடிவிட்டது. எங்கள் ஜெயிலர் ஐயா அதைக் கணினியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "கள்ளன் தெளிவா இருக்கு. பிடிக்கத்தான் ஏலாது" என்றார். அவர் தெற்கிலிருந்து வந்த சிங்களவர். தமிழ் தட்டித் தடவித்தான் வரும், ஆனால் பகிடிக்கு மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில் எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. யார் சாப்பாடு கொண்டு வருகிறாரோ, அவரே என் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். சோறு, கறி, சம்பல், பொரியல், தண்ணீர் எல்லாவற்றிலும். நஞ்சு, தூள் ஒன்றும் இல்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பக்கத்து வீட்டாளைக் கூட்டி வந்து சாப்பிட வைக்க முடியாது. கொண்டு வந்த கைதான் தின்ன வேண்டும். நோன்பு காலத்தில் எங்கள் ஆட்களுக்கு இது பெரிய கரைச்சல். அந்த நாட்களில் பிள்ளைகளைத்தான் சாப்பாட்டோடு அனுப்புவார்கள்.

கமரா வந்து கொஞ்ச நாளில்தான் சல்லி என்கிற கடற்கரைக் கிராமத்திலிருந்து அந்த அம்மா வரத் தொடங்கினார். அறுபது வயதிருக்கும். வெயிலில் காய்ந்து கறுத்த மெல்லிய உடம்பு, என்னைவிடக் கட்டை. மகனுக்கு இருபத்தைந்துக்குள்தான். கடற்கரையில் கரைவலை இழுக்கிற ஆட்களுக்குள் யார் முதலில் வலை போடுவது என்று முறை இருக்கிறது. அந்த முறையில் வந்த சண்டையில் மகன் துடுப்பால் ஓங்கி ஒருவருக்கு அடித்துவிட்டான். கை முறிந்தது. முறிந்தது யாருடைய கை என்றால், அந்த அம்மாவின் சொந்தத் தம்பியின் கை. தாய்மாமன்!

"புருசன் செத்த பிறகு நானும் பிள்ளையளும் என்ர தம்பி வீட்டிலதான் இருக்கிறம், பிள்ளை" என்று முதல் நாளே என்னிடம் கொட்டினார். "இவன் என்ர கண்ணுக்கு முன்னால அவனை அடிக்கிறான். நான் என்ன செய்யிறது? தம்பியைப் பிடிச்சுக்கொண்டு இவனை வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டன். ஊரே நிண்டு பாத்தது. அந்தக் கோவம் அவனுக்கு."

கோபம் எவ்வளவு என்றால், மகன் அவரைப் பார்க்க வரமாட்டேன் என்றுவிட்டான். உப்புவெளியார் உள்ளே போய்க் கூப்பிட்டுவிட்டு வந்து, "வரமாட்டானாம் அம்மா" என்று கையை விரித்தான். அடுத்த முறையும் அதே கதை. அதற்கடுத்த முறை இன்னும் மோசமான சேதி ஒன்றைக் கொண்டு வந்தான். பிணை கிடைத்தால் நீதிமன்ற வாசலிலிருந்து நேரே முல்லைத்தீவுக்கு பஸ் ஏறுவேன், அங்கே யாருடைய படகிலாவது தொழிலுக்குப் போவேன், சல்லி மண்ணை இனி மிதிக்க மாட்டேன் என்று உள்ளே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். அம்மாவின் காதில் அது விழவேண்டாம் என்று நான் உப்புவெளியாருக்குக் கண்ணைக் காட்டினேன். அந்த மடையன் அதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

அம்மா பார்சலை அவிழ்த்தார். சோறு, பருப்பு, பாரைமீன் குழம்பு. ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். மீனை எடுக்கும்போது மட்டும் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். சாமி கும்பிடுகிறார் என்று விட்டுவிட்டேன். அந்த இரைச்சலில் என்ன கேட்கும்? பிறகு நிமிர்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் என் நெஞ்சைப் பார்த்தார்.

"மகன், நான் அம்மா கதைக்கிறன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அம்மா, ஆரோட கதைக்கிறீங்க?"

"மகனோடதான் பிள்ளை. இதில சிவப்பு லைற் எரியுதே."

"இது வீடியோ கோல் இல்லம்மா. சும்மா பதிவாகுது. மகன் பார்க்க ஏலா."

"என்ர மூத்தவள் கனடாவில. அவளோட போனில இப்பிடித்தான் கதைக்கிறனான். இஞ்சால கதைச்சா அங்கால ஆரோ பாக்கினம்தானே?"

"பாக்கிறதெண்டா எங்கட பெரியவர்தான் பாப்பார்."

"அப்ப என்ன? அவர் மகனிட்டச் சொல்லுவார்தானே" என்றார். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் சொல்ல என்னால் முடியவில்லை. சல்லியில் வீட்டுக்கொரு பிள்ளை வெளிநாட்டில். கமரா என்று ஒன்று இருந்தால் அதன் மறுபக்கத்தில் ஒரு பிள்ளை இருக்கும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே கணக்கு.

அன்றிலிருந்து பார்வை நாள் என்றால் அவர் கொண்டு வருவது இரண்டு சாமான்: சாப்பாடு, ஊர்ப் புதினம். "மகன், உன்ர நாய் குட்டி போட்டிருக்கு. மாமாவின்ர கட்டிலுக்குக் கீழதான். மாமா ஒண்டும் சொல்லேல்லை." "மகன், மாமான்ர கை சுகம். இப்ப தானே தின்னுறான். ஆரும் ஊட்டத் தேவையில்லை. நேற்று மாமியோட சண்டை பிடிச்சுக் கோப்பையும் எறிஞ்சவன், பயப்பிடாதை." "மகன், தாடி வளத்திருக்கிறியாம். அதை வழி. உன்ர மூஞ்சிக்கு அது எடுபடாது." நான் வேறெங்காவது திரும்பினால் அவரும் என் நெஞ்சோடு சேர்ந்து திரும்புவார். ஒரு நாள் நான் எரிச்சலில் கையால் மூடினேன். "பிள்ளை, கையை எடுங்கோ, மறைக்குது" என்றார்!

இதைப் பார்த்து வரிசையில் மற்றவர்களும் தொடங்கிவிட்டார்கள். கட்டைபறிச்சானிலிருந்து வந்த ஒருத்தி தன் புருசனுக்குக் கமராவில் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாள். மூதூர்க்காரி ஒருத்தி குழந்தையைத் தூக்கி என் நெஞ்சுக்கு நேரே பிடித்து, "வாப்பாக்கு சலாம் சொல்லு" என்றாள். குழந்தை என் பொத்தானைப் பிடித்துச் சப்பியது.

"இதென்ன ரேடியோ ஸ்டேசனா!" என்று கத்தினேன். "நேயர் விருப்பம் கேக்கிற ஆக்கள் எல்லாம் அங்கால போங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். சல்லி அம்மாவும் சிரித்தார். ஆனால் உள்ளேயிருந்து உப்புவெளியார் மகன் இல்லாமல் தனியே வரும்போது அந்தச் சிரிப்பு இறங்கிவிடும். அவன் நீட்டுகிற, போன முறை கொண்டுவந்த காலிச் சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, "வழிச்சுத் துடைச்சுத் திண்டிருக்கிறான்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போவார். அந்தப் பெட்டிதான் அவருக்குப் பதில். எனக்கு அந்தப் பொடியன் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பெற்ற தாய் பஸ் ஏறி வந்து என் சட்டைப் பொத்தானோடு கதைக்கிறாள், இவர் உள்ளே இருந்து ரோசம் காட்டுகிறாராம்! வழக்குத் தவணை வேறு கிட்ட வந்துகொண்டிருந்தது, அன்றைக்குப் பிணை கிடைக்கும் என்றுதான் பேச்சு. தவணைக்கு முன்னால் அவன் ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டாவிட்டால், இந்தத் தாய் பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

இதற்கிடையில் ஜெயிலர் ஐயா என்னைக் கூப்பிட்டார். பதிவுகளை இடையிடையே பார்ப்பது அவர் பொறுப்பு. கணினியில் சல்லி அம்மா வாய் அசைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த அம்மா யாருக்குக் கதைக்கிறது? உனக்கா?"

"இல்ல சேர். உள்ளுக்கு இருக்கிற மகனுக்கு."

"உள்ளுக்குத் தகவல் அனுப்பிறது குற்றம், தெரியும்தானே?"

"அனுப்பினாத்தானே சேர் குற்றம்? அது உங்கட கொம்பியூட்டர் வரைக்கும்தான் போகுது. அதுக்கங்கால ஒரு அடி போகல்ல." எனக்குச் சூடு ஏறிவிட்டது. "குற்றமெண்டா அந்தப் பொடியன்ட குற்றம். தாய்ட மூஞ்சியப் பார்க்காத குற்றம்!"

அவர் திரையைப் பார்த்தார். "இதில ரகசியப் பாஷை இருக்கலாம்" என்றார். "நாய், குட்டி, கட்டில்... என்ன கருத்து? விசாரிக்கணும். அந்தப் பொடியனைக் கூட்டி வா. அவன்தான் விளக்கம் சொல்லணும்."

அவர் உண்மையாகவே சந்தேகப்பட்டாரா, இல்லை வேண்டுமென்றுதான் செய்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முகத்தில் ஒன்றும் காட்டாத மனிதர். உப்புவெளியார் பொடியனைக் கூட்டி வந்தான். நெடிய, தோள் அகன்ற பிள்ளை, சாரமும் ரீசேட்டும், முகம் நிறையத் தாடி. கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான்.

ஜெயிலர் ஐயா பதிவை ஓடவிட்டார். "மகன், உன்ர நாய் குட்டி போட்டிருக்கு" என்றது தாயின் குரல். பொடியனின் கண் சுவரிலிருந்து மெல்ல இறங்கித் திரைக்கு வந்தது. மாமா கோப்பை எறிந்த இடத்தில் வாய்க்கடையில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்து ஓடியது. கல்லுக்குள் ஈரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அம்மா பார்சலை அவிழ்க்கிற இடம் வந்தது. கரண்டியால் சோறு, பருப்பு. பிறகு மீன். கண்ணை மூடினார், வாய் முணுமுணுத்தது. வாசல் இரைச்சலில் எனக்கு ஒருநாளும் கேட்காதது, என் நெஞ்சில் இருந்த கமராவுக்குப் பக்கத்தில் அவர் வாய் இருந்தபடியால் தெளிவாகக் கேட்டது.

"தாயே, பிள்ளைக்காகத்தான் வாயில வைக்கிறன். கோவிக்காதை."

"நிப்பாட்டுங்கோ" என்றான் பொடியன்.

ஜெயிலர் ஐயா நிறுத்தினார்.

"அது என்ன, அம்மா வாயில வைக்கிறது?"

"பாரைமீன்தான். ஒனக்குக் கொண்டு வந்த ஆணம்" என்றேன். எங்கள் பக்கம் குழம்பை ஆணம் என்போம்.

"அம்மாவை ஏன் மீன் தின்ன வச்சனீங்கள்?"

"நான் வைக்கல்ல தம்பி, அதுதான் சட்டம். கொண்டு வாறவங்க சாப்பிட்டுக் காட்டணும்."

"நீங்கள்தான் ருசி பாக்கிறனீங்கள் எண்டெல்லோ உள்ளுக்குக் கதைக்கிறவை." அவன் குரல் இறங்கிவிட்டது. "அம்மா மீன் தின்னுறேல்லை. நான் சின்னனில வருத்தம் வந்து சாகக் கிடந்தனான். பிள்ளை தப்பினால் இனி மீன், மச்சம் ஒண்டும் தொடமாட்டன் எண்டு முத்துமாரியம்மனுக்கு நேந்து விட்டவ. மீன் காயப்போடுவா, விப்பா, எங்களுக்குக் காய்ச்சித் தருவா. வாயில வைக்க மாட்டா. உப்புப் பாக்கவும் பக்கத்து வீட்டில ஆரையாவது கூப்பிடுவா."

ஜெயிலர் ஐயா என்னைப் பார்த்தார். நான் சிங்களத்தில் சொன்னேன். எங்களுக்குள்ளும் நேர்ச்சை உண்டு. அது கடவுளோடு பேசிய பேச்சு. அதை மீறுவது என்றால் உடம்பு நடுங்கும். இந்தப் பெண் என் மேசையில், என் கரண்டியால், ஒவ்வொரு பார்வை நாளும் அதை மீறிக்கொண்டு இருந்திருக்கிறாள். மகனுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது என்ற ஒரே காரணத்துக்காக.

"வாற நேரமெல்லாம் திண்டவவோ?" என்றான் பொடியன்.

"ஓம். வந்த நேரமெல்லாம்."

அவன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். "அந்தச் சோத்தில நான் ஒரு வாய் தொடேல்லை" என்றான். "மாமா வீட்டுச் சோறு எனக்கு வேண்டாமெண்டு மற்றப் பொடியளுக்குக் குடுத்துப்போட்டன். அவங்கள்தான் திண்டவங்கள்." அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கி அழுவதைப் பார்க்க எனக்கும் அழுகை வந்துவிட்டது. உப்புவெளியார் வெளியே எட்டிப் பார்க்கிற சாட்டில் முகத்தைத் திருப்பினான். ஜெயிலர் ஐயா தன் தேத்தண்ணீரைப் பொடியன் பக்கம் தள்ளிவிட்டு, "ரகசியப் பாஷை ஒண்டும் இல்லை. விசாரணை முடிஞ்சுது" என்றார்.

அடுத்த பார்வை நாளுக்கு நான் வழமையைவிட முந்தியே வந்தேன். பொடியன் தானாகவே எழும்பி வந்து, என் மேசைக்கு எதிரே பார்வையாளரைச் சந்திக்கிற கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றான். சல்லி அம்மா வந்தார். வலைப் பக்கம் ஒரு பார்வையும் பார்க்கவில்லை. பார்த்துப் பழக்கம் இருந்தால்தானே? நேரே என் மேசைக்கு வந்து, நேரே என் நெஞ்சைப் பார்த்துத் தொடங்கினார்.

"மகன், நான் அம்மா கதைக்கிறன்."

"அம்மா, திரும்பிப் பாருங்க."

"பொறுங்கோ பிள்ளை, சொல்லி முடிக்கேல்லை. மகன், அந்த வெள்ளைக் குட்டியைத் தனக்கு வேணுமெண்டு மாமா..."

"அதை ஒருதருக்கும் குடுக்காதேங்கோ. அது எனக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அம்மா உடனே திரும்பவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். முகத்தைத் துடைத்தார். பிறகு திரும்பி விறுவிறென்று வலைக்குப் போனார். அணைக்கமுடியாது, தொடமுடியாது. கம்பிக்குள் நாலு விரல்தான் நுழையும். அந்த நாலு விரலை நுழைத்து அவன் தாடியைப் பிடித்து இழுத்தார்.

"இதை வழிக்கச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான்!"

"எங்க சொன்னீங்கள்?"

"அதுக்குள்ளதான்!" என்று என் நெஞ்சைக் காட்டினார்.

"ஓம், சொன்னீங்கள். பாத்தனான். எல்லாத்தையும் பாத்தனான் அம்மா."

சல்லி அம்மா என் பக்கம் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "பாத்தீங்களே பிள்ளை! அவன் பாப்பான் எண்டு நான் சொன்னனானோ இல்லையோ? நீங்கள்தான் இல்லை இல்லையெண்டு நிண்டனீங்கள்!" வரிசை முழுக்கச் சிரித்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாய்க்கு அது பெரிய விஷயம்.

"தவணைக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றான் மகன். "அவரிட்ட மன்னிப்புக் கேக்கவேணும். பிறகு எல்லாரும் ஒரே பஸ்ஸில வீட்டை போவம்."

அம்மா தலையை ஆட்டினார். அவ்வளவு புதினமும் எங்கேயோ ஒளிந்துவிட்டது.

"இன்னொண்டு, இனி மீன் கொண்டராதேங்கோ. கத்தரிக்காய் காணும்."

"கத்தரிக்காய் நீ தின்ன மாட்டாயே."

"தின்னுவன்."

"விசர்க்கதை கதையாதை. மீன் இல்லாமல் உனக்குச் சோறு இறங்காது."

"உங்களுக்கு நேத்தி இருக்கெல்லே அம்மா."

"அது எனக்கும் அம்மாளுக்கும் உள்ள கதை. நான் எங்க ருசி பாத்தனான்? கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினதுதான். ருசி என்னெண்டே எனக்குத் தெரியாது." சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்தார். பெட்டியைத் திறந்து, மீன் குழம்புக்குள் கரண்டியை வைத்தார். மகன் வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து "அம்மா, வேண்டாம், வேண்டாம்" என்று கம்பியைப் பிடித்து ஆட்டினான்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"குடுங்க இங்கால!" என்று கரண்டியை அவர் கையிலிருந்து பறித்தேன். குழம்பை அள்ளி நானே வாயில் போட்டேன். மீனையும் ஒரு துண்டு பிய்த்துப் போட்டேன். சட்டத்தில் அப்படி இல்லைத்தான். எல்லாம் பதிவாகிக்கொண்டுதான் இருந்தது. ஆகட்டும், கேட்டால் பதில் சொல்ல எனக்கு வாய் இல்லையா?

எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆணம் நல்லம்" என்றேன். "உப்புத்தான் காணாது."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "விடியக் காய்ச்சினது பிள்ளை. பாக்கச் சொல்ல ஆரும் எழும்பேல்லை" என்றார். பிறகு திடுக்கிட்டவர் மாதிரி மகன் பக்கம் திரும்பினார். "அப்ப இவ்வளவு நாளும் அப்பிடித்தானோ? உப்பில்லாமலோ திண்டனீ? ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கலாமே ராசா?"

உப்புவெளியார் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"இல்லை அம்மா" என்றான் மகன். "எல்லாம் அளவாத்தான் இருந்தது."